ஆயி மண்டபமும் அதன் ஊற்றும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவார், அவ்வூரை ஆண்ட மன்னர் யாவர் என்று வினவுதற்கு முன்னர், அவ்வூரார் குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் வேண்டும். மன்னர் வருவர், போவர். கோட்டை எழும், இடியும். நீர் வரும் வழி மட்டும் அறுந்துபோகுமாயின், பின் அவ்வூர் என்பது பெயரளவில் நிற்குமேயன்றி உயிரோடு நில்லாது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகலின் குளந்தொட்டாரையும் கிணறு அகழ்ந்தாரையும் கோயில் எடுத்தாரோடு ஒப்ப வைத்துப் போற்றினர். நம் காலத்தில் அவ்வுணர்ச்சி குன்றிவிட்டது. அதற்கோர் எடுத்துக்காட்டாகப் புதுவை நகரின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தின் வரலாற்றை நம் நேயர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம். நகரத்து மண்டபத்தைப் பற்றிய செய்தி வில்லியனூர், பாகூர் முதலிய நாட்டுப்புறக் கொம்யூன்களில் வாழும் நமக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அம்மண்டபத்தின் வேர் நகரத்தில் இல்லை. மேற்கே, நம் பக்கத்தில் இருக்கிறது என்பதே அதற்கு விடை. அதனை மேலே விளக்குவோம்.

புதுவையிலுள்ள பாரதி பூங்காவை அறியாதார் நம்மில் இலர். ஆளுநர் மாளிகையும் சட்டமன்றமும் சூழ்ந்த அந்நிலப்பகுதி பழைய சரித்திரம் உடையது. பிரெஞ்சுக்காரர் 1706ஆம் ஆண்டில் கட்டி முடித்த லூயி கோட்டை அப்பகுதியிலேதான் எழுந்து நின்றது. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றியபொழுது அக்கோட்டையைத் தரைமட்டமாக்கினர். கோட்டையிருந்த பகுதி பின்னர்த் திடலாயிற்று, திடல் பூங்காவாயிற்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் புகலிடம் பெற்று வாழ்ந்த பாரதியாரின் பெயரை இன்று அப்பூங்கா தாங்கி நிற்கிறது. அதன் நடுவணே, கிரேக்க உரோமானிய முறையில் எழுப்பப்பெற்ற வெண்ணிற மண்டபம் ஒன்று உளது. அதுவே ஆயி மண்டபம். புதுவையின் அடையாளமாக எத்தனையோ ஏடுகளிலும் படங்களிலும் அதன் உருவத்தைக் காண்கிறோம்.

சில திங்கட்கு முன் நாம் அப்பூங்காவிற்குச் சென்றிருந்தோம். மண்டபத்தின் படியில் அமர்ந்திருந்த இளைஞர் சிலரை நோக்கி, "தம்பி, இம்மண்டபம் யாருக்காகக் கட்டப்பெற்றது?" என்று வினவினோம். ஒருவர் போரில் மாண்டவர்க்கு என்றார். மற்றொருவர் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கல்லறை என்றார். மூன்றாமவர் படம் எடுத்துக் கொள்வதற்கு நல்ல இடம் என்று சொல்லி நகைத்தார். அவர்களுள் இருவர் பாகூர்ப் பக்கத்தினர் என்று பின்னர் அறிந்தோம். அவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. சொல்ல வேண்டியவர் சொல்லாதபொழுது கேட்க வேண்டியவர் எங்ஙனம் அறிவர்? பிழை நம்மைப் போன்ற மூத்தோருடையது. அப்பிழையைச் சிறிதேனும் துடைத்தற்பொருட்டே இதனை எழுதுகிறோம்.

ஆயியைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் செவிவழிச் செய்தி வருமாறு. 1509 முதல் 1529 வரை விசயநகரப் பேரரசை ஆண்ட கிருஷ்ணதேவராயர், தம் அமைச்சர் அப்பாஜியோடு இப்பகுதிக்கு வந்தார். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலை நோக்கி அவர் செல்லுங்கால், வழியில் விளக்கொளி சூழ்ந்து விளங்கிய அழகிய மாளிகை ஒன்றைக் கண்டார். அஃது ஒரு கோயிலே என்று எண்ணிக் கைகூப்பி வணங்கினார். அருகிருந்தார், அது கோயில் அன்று, ஆயி என்னும் தாசியின் இல்லம் என்று கூறினர். அரசர்க்கு நாணமும் சினமும் மிக்கெழுந்தன. அம்மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்குக என்று ஆணையிட்டார். ஆயி அரசர் முன் வந்து நின்றாள். தன் மாளிகையைத் தன் பொருள் கொண்டு தானே இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்குப் பயன்படுமாறு ஒரு குளம் வெட்டுவதற்கு இசைவு தருமாறு வேண்டினாள். அரசர் இசைந்தார். மாளிகை மறைந்தது, குளம் தோன்றியது. அக்குளம் இருந்த இடம் புதுவைக்கு மேற்கே, வில்லியனூர்ப் பக்கமாகவுள்ள முத்தரையர்பாளையம் ஆகும். மக்கள் நாவில் அது முத்திரப்பாளையம் என்று வழங்கும்.

இச்செய்தியை வரலாற்று முறையில் நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. செவிவழிச் செய்தி கல்வெட்டு ஆகாது. எனினும், செவிவழிச் செய்திகளை முற்றிலும் தள்ளிவிடுதலும் அறிவுடைமை ஆகாது. பேரரசர் ஒருவர் பெயரும் எளிய பெண்ணொருத்தியின் பெயரும் ஒரு கதையில் இணைந்து வருங்கால், காலப்போக்கில் மக்கள் நாவில் பேரரசர் பெயர் ஓங்கி எளியவள் பெயர் தேய்வதே உலகியற்கை. ஈண்டோ அதற்கு மாறாக நிகழ்ந்துள்ளது. குளம் அரசர் பெயரால் வழங்கவில்லை. ஆயியின் பெயராலேயே வழங்கிற்று. அவளுடைய குலம், தந்தை, வாழ்ந்த தெரு யாவும் மறைந்தொழிய, அவள் செய்த செயலும் அவள் பெயரும் மட்டும் நின்றன. நீர் குடித்தவர் நன்றி மறவாதிருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, அக்குளத்து நீர் புதுவை நகருக்கு வந்த வரலாற்றைக் காண்போம். புதுவை கடற்கரையில் அமைந்த நகரம். கரையோர மணற்கிணறுகளில் ஊறும் நீர் பல இடங்களில் உவர்த்தும், கோடையில் குறைந்தும் போவது இயற்கை. நகரில் மக்கள் பெருகப்பெருக நன்னீர்த் தட்டுப்பாடும் பெருகியது. மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராயிருந்த 1852 முதல் 1870 வரையுள்ள காலத்தில் இக்குறை நீக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகட்குத் தலைமைப் பொறியாளராயிருந்தவர் லமெரேஸ் என்பார். அவர் முத்தரையர்பாளையத்து நன்னீரை, சற்றேறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவு, வாய்க்கால் அமைத்து நகரின் நடுத் திடலுக்குக் கொணர்ந்தார் என்று கூறுவர். அவ்வூற்றின் பழங்கதையைக் கேட்ட பேரரசர் உள்ளம் நெகிழ்ந்து, ஆயியின் நினைவாக மண்டபம் எழுப்பப் பணித்தார் என்பதும் அக்கதையின் தொடர்ச்சியாக வழங்குகிறது.

லமெரேஸ் வெறும் கல்லும் சுண்ணாம்பும் அறிந்த பொறியாளர் மட்டும் அல்லர். தென்னாட்டு மக்களின் பாடல்களைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1867ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நூலாக வெளியிட்டவரும் அவரே. மண்ணை அளந்தவர் அம்மண்ணின் மக்கள் சொல்லுக்கும் செவி சாய்த்தார். அத்தகையவர் காலத்திலே ஊற்றின் நீரோடு ஊற்றின் கதையும் நகருக்குள் வந்து சேர்ந்தது வியப்பன்று.

முத்தரையர்பாளையத்து நீர் இனிதாயிருந்தமைக்குக் காரணம் யாது? புதுவைக்கு மேற்கும் வடமேற்கும் உள்ள நிலம் கடற்கரையை நோக்கிச் சரிந்து வருவது. அப்பகுதியில், நிலநூலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டு வழங்கும் செந்நிறப் பாறையடுக்கு பரந்து கிடக்கிறது. மழைநீர் அம்மணற்கல்லில் இறங்கிப் படிந்து, வடிகட்டப்பெற்றுத் தூயதாகிறது. பின் நிலச்சரிவை ஒட்டிக் கிழக்கு நோக்கி மெல்ல நகர்கிறது. மேட்டிலுள்ள அந்நீரைத் தாழ்விலுள்ள நகருக்குக் கொணர எந்திரம் வேண்டுவதில்லை. சரிவு ஒன்றே போதும். முத்தரையர்பாளையம் பின்னரும் நகரின் நீர்வழங்கு நிலையங்களுள் ஒன்றாக விளங்கி வந்ததற்கு இதுவே காரணம்.

அடியாழத்தில் அழுத்தத்தோடு அடங்கியிருந்த நீரையும் பிரெஞ்சுக்காரர் காலம் கண்டது. 1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் புதுவைச் சவானா ஆலையில் துளையிட்டபொழுது நீர் தானே மேலெழுந்து வழிந்தது. தானே பொங்கும் அவ்வகைக் கிணறுகளை ஆர்ட்டீசியக் கிணறுகள் என்பர். அந்நாள் முதல் இப்பகுதியில் அவை பல தோண்டப்பெற்றன. அவ்வாறு நிலத்தைத் துளைத்துச் செல்லுங்காலத்தில் 1884ஆம் ஆண்டு பாகூர்ப் பகுதியில் பழுப்பு நிலக்கரியும் வெளிப்பட்டது. நெய்வேலியின் பெயர் உலகறியப் பரவுதற்கு நெடுங்காலம் முன்னரே நம் பாகூர் மண் தன் அடிவயிற்றுப் பொருளைக் காட்டிற்று என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

நகரத்து நீரின் கதை இவ்வாறாக, நாட்டுப்புறத்து நீரின் கதை இன்னும் பழமையானது. பாகூரில் 1879ஆம் ஆண்டில் கிடைத்த செப்பேடுகள் ஐந்து. அவை பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. இன்று அவை பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளன. பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக் கழகத்துக்கு மூன்று ஊர்களை மன்னன் ஈந்தமையை அவை கூறுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் ஓர் ஊர் இத்தகைய கல்விக் கழகத்தைத் தாங்க வல்லதாய் இருந்தது எனின், அவ்வூர் வயல்கள் விளைந்தன என்பது பொருள். வயல்கள் விளைந்தன எனின், நீர் தேக்கிக் காக்கப்பட்டது என்பது பொருள். ஏரியின்றி ஏடு இல்லை. பாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுகள், சோழர் காலத்தில் அவ்வூர்ச் சபையார் ஊர்க் காரியங்களை முறையாக நடத்திவந்தமையைக் காட்டி நிற்கின்றன.

இன்றும் பாகூர் ஏரி புதுவைப் பகுதியின் ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்த பெருமை உடையது. பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று கூறுதல் அவ்வேரியைக் கருதியே ஆகும். அவ்வேரிக்கு நீர் கொணர்வது பங்காரு வாய்க்கால். தென்பெண்ணையாற்றின் குறுக்கே சொர்ணாவூரில் அமைந்த அணைக்கட்டிலிருந்து அவ்வாய்க்கால் பிரிந்து வருகிறது. அவ்வணைக்கட்டு அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் இருந்தது. ஏரியோ பிரெஞ்சுக்காரர் பகுதியில் இருந்தது. ஆற்றுநீரைப் பகிர்தற்பொருட்டு இரு வல்லரசுகளுக்குமிடையே 1910ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. பாகூர் உழவர் வயலுக்கு நீர் வருதற்காக இலண்டனும் பாரிசும் கலந்து பேச வேண்டியிருந்தது எனின், நீரின் அருமையை நாம் வேறு எவ்வாறு விளக்குதல் கூடும்?

பங்காரு வாய்க்காலுக்கும் ஒரு கதை உண்டு. சிங்காரி, பங்காரி என்னும் ஆடல்மகளிர் உடன்பிறந்தார் இருவர், தாம் ஈட்டிய பொருளைக்கொண்டு பாகூர் ஏரிக்கு உழைத்தனர் என்றும், அவர்களுள் பங்காரியின் பெயரே வாய்க்காலுக்கு அமைந்தது என்றும் ஊர்ப் பெரியோர் கூறுவர். முத்தரையர்பாளையத்தில் ஆயி; பாகூரில் சிங்காரியும் பங்காரியும். நம் நாட்டு நீரின் கதை எங்கெங்கு நோக்கினும் பெண்ணின் கதையாகவே, அதிலும் சமூகம் இழித்துப் பேசிய பெண்ணின் கதையாகவே நிற்பது எண்ணத்தக்கது.

இவ்வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரிக்கு கி.மு. 19ஆம் ஆண்டில் அக்ரிப்பா என்பான் கொணர்ந்த நீர்வழிக்குக் கன்னிநீர் என்னும் பொருளுடைய பெயர் வாய்த்தது. நீர் வேட்கையுற்ற போர்வீரர்க்கு இளம்பெண்ணொருத்தி ஊற்றினைக் காட்டினாள் என்பது அங்கு வழங்கும் கதை. அந்நீர்வழியின் முடிவிடத்திலேதான், 1762இல் நிறைவெய்திய திரேவி நீரூற்று உலகோர் கண்டு வியக்க நிற்கிறது. அதன் சுவரில் அப்பெண்ணின் உருவம் ஊற்றைக் காட்டி நிற்பதைக் காணலாம். மண்டபத்தைக் காண்பார் ஊற்றையும் ஊற்றைக் காட்டியவளையும் ஒருங்கே காணுமாறு செய்தனர் அந்நகரத்தார்.

மற்றொரு நகரின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் என்னும் தொழில்நகரம், வேல்சு நாட்டு ஈலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, சற்றேறக்குறைய 118 கிலோமீட்டர் தொலைவு நிலச்சரிவு ஒன்றையே துணையாகக்கொண்டு நீர் கொணர்ந்தது. அவ்வணைகளை 1904ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்துவைத்தார். பின்னர் அந்நகரத்துப் பூங்கா ஒன்றில், அவ்வணைகளையும் நீர்த்தேக்கங்களையும் சிறிய உருவில் அமைத்து, நகரத்தார் தம் நீர் வரும் இடத்தைக் கண்ணாற் காணுமாறு செய்தனர். காலப்போக்கில் அச்சிற்றுருவம் நீர் வற்றிப் புதர் மண்டிப் பாழ்பட்டது. அண்மையில் அன்பர்கள் அதனை மீண்டும் செப்பனிட முயன்றனர். அச்செய்தியை அறிந்தபொழுது நம் ஆயி மண்டபமே நம் நினைவுக்கு வந்தது. அதனோடு மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. ஈலான் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபொழுது அங்கு வாழ்ந்த மக்கள் ஏறக்குறைய நூற்றுவர் வீடிழந்து வெளியேறினர். நிலவுடைமையாளர்க்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. குடியிருந்த ஏழைகட்கு அது கிடைக்கவில்லை. நகரம் நீரைப் பெற்றது. நீரைக் கொடுத்த ஊர் மறக்கப்பட்டது.

இதுவே நாம் கூற விழையும் பொருளின் உயிர்நாடி. நினைவுச்சின்னம் எழுவது நீர் பெற்ற இடத்தில். நீர் தந்த இடத்தில் எதுவும் எழுவதில்லை. ஆயி மண்டபத்துக்கு வெள்ளை பூசுவார் உளர். விழாக் காலத்தில் விளக்கு ஏற்றுவாரும் உளர். அம்மண்டபத்தின் உயிரான ஊற்றையும், அவ்வூற்றுக்கு நீரூட்டும் மேற்குப் புறத்து ஏரிகளையும் வாய்க்கால்களையும் நினைப்பார் எத்துணைப் பேர்? முத்தரையர்பாளையம் வழியாக நாள்தோறும் வில்லியனூர் செல்வோருள் ஆயியின் குளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்துணைப் பேர்? உருவத்தைப் புதுக்கி உயிரை மறத்தல், இறந்தார்க்கு அணி பூட்டுதலை ஒக்கும்.

நிலைமை எவ்வாறுளது என்பதையும் மறைப்பின்றிக் கூறுதல் வேண்டும். தானே பொங்கி வழிந்த கிணறுகள் இன்று கதையாகிவிட்டன. ஆழ்குழாய்க் கிணறுகள் எண்ணிறந்தனவாகப் பெருகி, நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கிச் செல்கிறது. நன்னீர் பின்வாங்கிய இடத்தில் கடல்நீர் புகுகிறது. பாகூர்க் கொம்யூனின் கடற்கரை ஊர்களில் கிணற்றுநீர் உவர்த்தல் அதனால் வந்த கேடே. புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு என்று கணக்கிட்டுக் கூறுவர். முற்காலத்தில் ஏரிநீரே பாசனத்துக்கு முதலாயிருந்தமையால், ஏரியைத் தூர் வாருதலும் கரையைக் கட்டுதலும் மதகைக் காத்தலும் ஊரார் கடமையாயிருந்தன. குழாய்க்கிணறு வந்தபின், "எனக்கு என் கிணறு உண்டு, ஏரி எற்றுக்கு?" என்னும் எண்ணம் உழவர் உள்ளத்தில் குடிபுகுந்தது. ஏரி தூர்ந்தது, ஏரி தூர்ந்ததனால் கிணறும் வற்றியது. ஏரியே கிணற்றின் தாய் என்பதை மறந்ததன் பயன் இது.

அரசினர் வாளாவிருந்தனர் என்று கூறுதலும் பொருந்தாது. 1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு புதுவை ஏரிகளைப் புதுக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பெற்றன. கரைகள் உயர்ந்தன, மதகுகள் செப்பமுற்றன. ஊசுட்டேரி 2008ஆம் ஆண்டில் பறவைகட்குரிய சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2019ஆம் ஆண்டில் நீரும் ஊரும் என்னும் பெயரால் குளங்களைத் தூர்வாரும் முயற்சி நடைபெற்றது. இவை யாவும் பாராட்டத்தக்கன. எனினும் ஓர் உண்மையை அன்பர்கள் உளங்கொள்ளல் வேண்டும். திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தூருக்கு முடிவு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஏரியில் வண்டல் படியும். ஒவ்வொரு கோடைக்கும் வாய்க்காலில் புதர் மண்டும். ஆண்டுதோறும் வரும் நோய்க்கு இருபது ஆண்டுக்கொரு முறை மருந்து கொடுத்தல் போதுமா? ஊரார் கையே ஏரிக்கு நிலையான மருந்து.

ஈண்டு நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். நம் இதழில் குலப் பெருமை பேசும் கட்டுரைகள் பல வெளிவருகின்றன. நம் முன்னோர் எம்மன்னர் படையில் நின்றனர், எச்செப்பேட்டில் இடம்பெற்றனர், எப்பட்டம் பெற்றனர் என்று ஆராய்ந்து மகிழ்கிறோம். அஃது ஓரளவு வேண்டுவதே. வேரறியாத மரம் இல்லை. ஆயினும் ஆயியின் கதை நம் செருக்கை அடக்கி ஒரு பாடம் புகட்டுகிறது. அவளுக்குப் பட்டம் இல்லை, செப்பேடு இல்லை, குலப் பெருமை பேசும் சங்கமும் இல்லை. அரசரே அவள் பிறப்பை அறிந்த அளவில் தாம் கூப்பிய கையை எண்ணி நாணினார் என்கிறது கதை. அவளை வணங்கியதற்கு நாணிய அரசர் பெயரை இன்று அம்மண்டபம் தாங்கவில்லை. எவர் பிறப்பை அறிந்து நாணினாரோ அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. குலத்தால் வந்த பெருமையைக் குளத்தால் வந்த பெருமை வென்றது.

தாசி என்னும் சொல்லை இகழ்ச்சியாக வழங்குவோர் இன்றும் உளர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அதன்பொருட்டு நெடுங்காலம் உழைத்தார். சட்டம் வழக்கத்தை ஒழித்தது. இகழ்ச்சியை ஒழித்தல் நம் கடமை. ஆயியின் நீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த நாம், அவள் கதையைச் சொல்லுங்கால் அவள் பிறப்பைச் சொல்லி நகைப்போமாயின், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவராவோம். நம் இல்லங்களில் பெண்டிரும் சிறுவரும் இக்கதையைக் கேட்கும்பொழுது, ஆயி அம்மையார் என்று மரியாதையோடு சொல்லக் கற்பித்தல் நலம்.

இனிச் செய்யத்தக்கன யாவை என்பதை நம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் கூறி முடிப்போம். முதலாவது, ஆயி மண்டபத்தருகே, அம்மண்டபம் யாருக்காக எழுந்தது, நீர் எங்கிருந்து வந்தது, எவ்வழியாக வந்தது என்பதைப் படிப்பறிவு குறைந்தாரும் அறியுமாறு பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, வழியைப் படமாகத் தீட்டி வைத்தல் வேண்டும். நகராட்சியாரைக் கேட்டு இசைவு பெறுதல் அரிதன்று. அதற்காகும் செலவும் மிகுதியன்று.

இரண்டாவது, நீர் தந்த இடங்களிலும் நினைவு நிற்றல் வேண்டும். முத்தரையர்பாளையத்தில் ஆயியின் பெயரும், பாகூர் ஏரிக்கரையில் சிங்காரி பங்காரி பெயரும் கல்லில் பொறிக்கப்பெறுக. பர்மிங்காம் நகரத்தார் தம் பூங்காவில் அமைத்தது போல, சொர்ணாவூர் அணைக்கட்டு முதல் பாகூர் ஏரி வரையுள்ள பங்காரு வாய்க்காலின் வழியை, மதகும் கரையும் வயலும் விளங்குமாறு, சிமெண்டால் சிறிய உருவாக ஓர் பள்ளிக்கூட முற்றத்தில் அமைக்கலாம். மேலிருந்து ஒரு குடம் நீரை வார்த்தால் அது வாய்க்கால் வழியே ஓடி ஏரியில் சேர்தலைச் சிறுவர் கண்ணாற் காண்பர். நூறு பாடத்திலும் அவ்வொரு குட நீர் மிகுதியாகக் கற்பிக்கும். நம் அன்பர்களுள் கொத்துவேலை வல்லாரும் ஆசிரியரும் உளர். அவர்கள் கூடினால் ஒரு கோடை விடுமுறையில் முடியும் வேலை இது.

மூன்றாவது, ஏனையவற்றினும் இன்றியமையாதது, ஆண்டுக்கொரு நாள் உழைப்பு. மழைக்காலம் தொடங்குமுன், ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு நாளைக் குறித்து, நம் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் மண்வெட்டியோடு தம் ஊர் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ செல்வாராக. இதில் நம் குலத்தார் மட்டும் கூட வேண்டுமென்பதில்லை, கூடவும் கூடாது. நீருக்குக் குலம் இல்லை. மேல்மடையில் ஒருவரும் கடைமடையில் வேறொருவரும் உழுகின்றனர். வாய்க்கால் அடைபட்டால் இருவரும் ஒருங்கே அழிவர். ஆகலின் ஊரிலுள்ள எல்லாச் சமூகத்தாரையும் அழைத்து, அவரோடு ஒரே வரிசையில் நின்று மண் சுமத்தலே நம் சங்கத்துக்குப் பெருமை தரும் செயலாகும். குடிமராமத்து என்று நம் பாட்டன்மார் வழங்கிய வழக்கம் இதுவே. புதிதாக நாம் ஒன்றும் புகுத்தவில்லை.

சிலர், "ஒரு நாள் மண் சுமந்தால் ஏரி தூர் நீங்கிவிடுமோ?" என்று கேட்பர். முற்றும் நீங்காது என்பதை நாமும் அறிவோம். எந்திரம் செய்ய வேண்டிய வேலை எந்திரத்துக்கே உரியது. அரசினர் செய்ய வேண்டியது அரசினர்க்கே உரியது. ஆனால் ஆண்டுக்கொரு நாள் வாய்க்காலில் இறங்கி நின்றவன் எஞ்சிய நாட்களில் அதில் குப்பை கொட்டான்; பிறர் கொட்டவும் பொறான். மதகு உடைந்தால் அன்றே அறிவான். அறிந்து அதிகாரிகளிடம் முறையிடுவான். கரையை ஒட்டி வேலி நகர்ந்தால் அதனைக் கண்டு கேட்பான். ஏரிக்குக் காவலாவது மண்வெட்டி மட்டும் அன்று, கண்ணும் காவலே.

ஆயி அம்மையாரின் கதையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இடிபடும் என்று உறுதியான மாளிகையை நோக்கி அழுது நிற்றல் எளிது. அரசரைப் பழித்தலும் எளிது. அவள் இரண்டும் செய்திலள். போவது போகட்டும், போன இடத்தில் ஊருக்கு ஒரு பயன் நிற்கட்டும் என்று எண்ணினாள். அவ்வெண்ணமே ஒரு நகரின் தாகத்தைத் தீர்த்தது. லூயி கோட்டை கட்டியவரின் கோட்டை இன்று இல்லை. அதனை இடித்தவரின் ஆட்சியும் இல்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் பிரெஞ்சுக் கொடியும் புதுவையிலிருந்து இறங்கியது. கோட்டை நின்ற பகுதியில் குளந்தொட்டவளின் மண்டபம் மட்டும் நிற்கிறது.

அம்மண்டபத்தை அடுத்த முறை காணச் செல்லும் அன்பர்கள், படியில் அமர்ந்து இளைப்பாறிய பின், மேற்குத் திசையை ஒருமுறை நோக்குவாராக. அங்கே முத்தரையர்பாளையமும், அதற்கப்பால் வில்லியனூரும் ஊசுட்டேரியும், தெற்கே பாகூர் ஏரியும் உள்ளன. நம் மக்கள் குடிக்கும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. இனி வருவோர் குடிக்க வேண்டிய நீரும் அங்கேதான் இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் பொறுப்பை வரும் ஆவணியிலேயே தொடங்குவோமாக.